கல்தொட்டிக்கு அந்தப் பக்கம்

வாளியைத் தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் தளும்பி முழங்காலுக்குக் கீழே சேலையை நனைத்துவிட்டது. கை நடுங்கவில்லை, வாய்வரைக்கும் மொண்டதுதான் தப்பு என்று வேலாத்தாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புறவாசல் கதவிலிருந்து கட்டுத்தரைக்கு நாற்பது எட்டு, நடுவே கல்தொட்டி. உச்சிவெயிலில் காளை ஒன்றுதான் வெள்வேல மரத்தடியில் நின்றது. பசுக்கள் நாலும் காலையிலேயே கொறங்காட்டுக்குள் போய்விட்டன. சுற்றிலும் கிளுவை வேலி இருக்கிறது, வாயில் படலைச் சாத்திவிட்டால் அந்த மேய்ச்சல் காட்டுக்குள் ஆள் வேண்டியதில்லை, அதுகள் பாட்டுக்கு மேய்ந்துகொள்ளும். காளைக்குத்தான் ஆள் வேண்டும். யாரோ ஒரு ஆள் போதாது, ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். வாளிப்பிடி கிறீச்சிட்டதும் அது தலையைத் தூக்கியது, காது இரண்டையும் முன்னால் நீட்டியது, வருவது யார் என்று தெரிந்ததும் காதைத் திருப்பிக்கொண்டது. நேற்றுவரைக்கும் இப்படி இல்லையே. நேற்றுவரைக்கும் அவள் தோளில் வீட்டுக்காரருடைய துண்டு கிடந்தது. பதினோரு நாளைக்கு முந்தி அவர் பக்கவாதம் வந்து இந்த மரத்தடியில் விழுந்தபோது தோளிலிருந்து நழுவிக் கிடந்த துண்டு. வேர்வையும் புகையிலையும் சாணமும் ஏறிப்போன அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனால், காளை ரெண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்க்கும், அப்புறம் வாளிக்குள் மூஞ்சியை விட்டுவிடும். பத்து நாள் அப்படித்தான் அதை ஏமாற்றினாள். வேலை முடிந்ததும் துண்டை வெளியே கொடியில்தான் போடுவாள், வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை. இன்றைக்கு விடிந்து பார்த்தால் கொடியில் துண்டு வெள்ளை வெளேரென்று காய்கிறது. அப்பனைப் பார்த்துக்கொள்ள வந்த மகள் கோமதி, நேற்றுச் சாயங்காலம் மற்றத் துணியோடு சேர்த்துச் சோப்புத்தூள் போட்டு அலசிவிட்டாள். "ஏங்கண்ணு, இதையெதுக்கு எடுத்தே?" என்று கேட்டதற்கு, "நாறிப்போய்க் கெடந்துச்சும்மா. ஈ மொய்க்குது. நோவுக்காரரு கெடக்கற ஊட்டுல இப்பிடியா போட்டு வெப்பாங்க?" என்றாள். அவள் மேல் என்ன தப்பு. கட்டுத்தரை நாற்றம் வீட்டுப் பக்கம் வரவே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் யார். அலசின துண்டைப் போட்டுக்கொண்டு காலையில் போனாள். காளை ஒரே மூச்சுத்தான் இழுத்தது. வாளி பறந்து போய் வேலியில் விழுந்தது, கொம்பு நுனி முழங்கைக்கு மேலே கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. கொஞ்சம் முன்னால் நின்றிருந்தால் கோடாக இருந்திருக்காது. அதைப் பார்த்த கோமதி உடனே திருப்பூருக்கு, அண்ணனுக்குப் போன் போட்டாள். மகன் தனபால் போனிலேயே முடித்துவிட்டான். "நாலு மணிக்கு வண்டி வருதும்மா. அதுக்குள்ள அது ஒழுங்காத் தண்ணி குடிச்சா இருக்கட்டும். இல்லாட்டித் தாட்டி உட்றலாம். அதுகூட மாரடிச்சுத்தான் அப்பன் படுக்கையில கெடக்கறாரு, நீங்களும் உழுகோணுமா?" வண்டி ஏறிய மாடு எங்கே போகும் என்று கேட்கிற வயசு அவளுக்கு இல்லை.

நாலு மணி ஆவதற்குள் ஒரு வாளி. ஒரே ஒரு வாளி தண்ணி. எத்தனை ஆயிரம் வாளி மொண்டிருப்பாள் இந்த வீட்டில். இருக்கட்டும், அவருக்குத் தெரியவேண்டாம், தெரிந்தால் அந்தக் கண்ணிலிருந்து தண்ணி வடியும். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து உள்கட்டில் போட்டு இன்றைக்கு அஞ்சு நாள். வலதுபக்கம் முழுக்கப் போய்விட்டது, வாய் கோணிக்கொண்டது, பேச்சு இல்லை. இடது கை ஒன்றுதான் மிச்சம். ஊர் சாமியப்பன் என்று கூப்பிடும், அவள் வாயில் அந்தப் பேர் ஒருநாளும் வந்ததில்லை, இப்போதும் அந்தக் கையைப் பார்த்துத்தான் பேசுகிறாள். வந்து கிடத்திய அன்றைக்கே அந்தக் கை எழுந்து புறவாசல் பக்கம் நீண்டது. பக்கத்தில் நின்று தனபால் காளையை விற்றுத் தாட்டிவிடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், பக்கத்துக் காட்டு நாட்ராயன் உதவிக்கு வந்து, காளை முட்டிக் காறை எலும்பு முறிந்து கிடக்கிற கதையைச் சொன்னான். அப்போதுதான் இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணி இறங்கிற்று. அவளுக்குப் புரிந்துபோயிற்று. குனிந்து காதோரம் சொன்னாள், "தெரியுதுங்க. உங்க தம்பிக்குத் தண்ணி காட்டோணும், அதானுங்க? நாங் காட்டிக்கறேன். அவனை எங்கியும் தாட்டியுட மாட்டேன். மனசைப் போட்டு ஒழப்பாதீங்க." காளையை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார், சொந்தத் தம்பியை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. சொல்லியும் கை இறங்கவில்லை. தண்ணி காட்டிவிட்டு வந்து, "குடிச்சுட்டானுங்க, முழு வாளியும் குடிச்சுட்டான்" என்று சொன்னாலும் திரும்ப எழும். அஞ்சு நாளாய் அதே கை, அதே புறவாசல். அது தவிர அவருக்கு வேறு கேட்பதற்கு இல்லை போல. சோறு வேண்டுமென்று கேட்கவில்லை, தண்ணி வேண்டுமென்று கேட்கவில்லை, பொண்டாட்டி பக்கத்தில் உட்காரட்டும் என்று கேட்கவில்லை. உட்கார்ந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கோமதிகூடச் சொன்னாள், "கிட்டப் போனாலே அப்பன் மூஞ்சியத் திருப்பிக்கறாரும்மா. எம்மேல கோவமா?" கோபம் எல்லாம் இருக்காது, மூளை கலங்கிக் கிடக்கிறது என்று இவள் சமாதானம் சொன்னாள். அப்படியே இருக்கட்டும், மூளை கலங்கியும் அந்த மனுசனுக்கு மாட்டு நினைப்புத்தான். அதில் அவளுக்கு ஒரு சின்ன வலி உண்டு, வெளியே சொல்லிக்கொள்கிற வலி இல்லை.

வலி இன்றைக்கு வந்ததா. பதினெட்டு வயதில் இந்தக் காட்டுக்குள் வந்தாள், அப்போது மாடு முப்பது உருப்படி. ராத்திரி பக்கத்தில் படுத்த மனுசன்மேல் அடித்த வாடையில் அவளுக்குக் குமட்டிற்று, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள், ஒரு மாசத்தில் பழகிப்போயிற்று, பழகிப்போனது என்றுதான் நினைத்தாள். மாட்டுக்கு முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கன்று எடுக்கிற மனுசன், தனபால் பிறக்கிறபோது அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்து வேலியோரம் போய் நின்றுகொண்டார். பிள்ளை பிறந்து பால் போதாமல் அழுதபோதும் பசுவின் ரெண்டு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மீதி ரெண்டைத்தான் கறப்பார். "எம்புள்ளைக்கு இல்லாத பாலா உங்க கன்னுக்கு?" என்று கத்துவாள். "அதுவும் ஒருத்தி புள்ளைதானே" என்பார், குரல் ஏறாது. குரல் ஏறாத மனுசனோடு எப்படிச் சண்டை போடுவது. காளை இப்போது முன்னங்காலால் மண்ணைக் கீறியது. பத்தடி இருக்கும். வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டு மூங்கிலால் தள்ளலாம், முதல் நாள் தள்ளியும் பார்த்தாள், மூங்கிலை முறித்துப் போட்டது. தண்ணி மட்டும் போதாது அதற்கு, பக்கத்தில் நின்று திமிலில் ஒரு கை வைக்கவேண்டும், கன்றாக இருந்ததிலிருந்து அவர் பழக்கிய பழக்கம். செம்பழுப்பாய்ப் பிறந்து, ஆறுமாசத்தில் மயிலை நிறத்துக்கு மாறி, கழுத்தும் திமிலும் கறுத்து, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிற காளையாய் நிற்கிறது, ஆனாலும் அந்தக் கை வேண்டும். அவள் கையை முகர்ந்து பார்த்தாள். விபூதி, வெங்காயம், கோமதியின் சோப்பு. சேலைத் தலைப்பை முகர்ந்தாள். ரவிக்கைத் தோளை, தலைமயிர் நுனியை, ஒன்றொன்றாக. ஐம்பது வருசம். ஐம்பது வருசம் ஒரே கூரை, ஒரே பாய், மூணு பிள்ளைகள், ஒருத்தர் வாடை ஒருத்தர்மேல் ஒட்டாமலா இருக்கும். ஒட்டவில்லை. காளைக்குத் தெரிகிறது, அதற்கு முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. துண்டை ஏமாற்று என்று நினைத்தாளே, இந்த உடம்பல்லவா ஏமாற்று.

ஒட்டுவதற்கு விட்டால்தானே. நினைக்கக்கூடாது என்று எத்தனை நாள் கட்டிவைத்திருந்தாள், இந்த வெயிலில் அவிழ்ந்துவிட்டது. மூணு பிள்ளைகளில் நடுப்பிள்ளை, சரசு. மூணு வயசு. மழையே இல்லாமல் கொறங்காட்டில் புல் வேர்வரைக்கும் காய்ந்துபோன வருசம், இந்தப் பக்கத்து ஆளுகள் எல்லாம் மாட்டை ஓட்டிக்கொண்டு மலையடிவாரம் போனார்கள், அவரும் முப்பது உருப்படியையும் ஓட்டிக்கொண்டு போனார். நாற்பது நாள். முப்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், முப்பத்தொண்ணாம் நாள் பிள்ளை இல்லை. சொல்லிவிட வழியில்லை, எந்த மலையில் எந்தச் சரிவில் என்று யாருக்குத் தெரியும். குழியில் மண் தள்ள அப்பன் கை இல்லாமல் மாமன் கை தள்ளிற்று. மண் காய்ந்து வெடிப்பு விட்ட அப்புறம் அவர் வந்தார், துண்டில் மலைநெல்லி முடிந்துகொண்டு, "சரசு எங்க, எஞ்சிங்காரி எங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசல்படி ஏறினார். அவருக்கு முன்னால் வாடை வந்தது. நாற்பது நாள் மாட்டு வாடை. அத்தனை மாடும் உயிரோடு திரும்பி வந்த வாடை. ஒன்றுகூடச் சாகவில்லை, முப்பதும் வாசலில் நிற்கிறது. அவள் கதவை மறித்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "இந்த வாடையோட எம்படி ஏறாதீங்க. குளிச்சுட்டு வாங்க" என்றாள். பிள்ளை செத்ததைச் சொல்வதற்கு முந்தி அதைத்தான் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், ஏதோ தெரிந்துபோயிற்று, நெல்லிக்காயைப் படியில் வைத்துவிட்டுக் கல்தொட்டிக்குப் போனார். தண்ணி மொண்டு ஊற்றுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. மாட்டுக்கே தண்ணி இல்லாத வருசம் அது. அன்றைக்கிருந்து ஒருநாள்கூடக் குளிக்காமல் அவர் உள்ளே வந்ததில்லை. மழையா, குளிரா, காய்ச்சலா, கல்தொட்டிக்கு இந்தப் பக்கம் வேறு ஆளாகத்தான் வருவார், ஈரத்தலையோடு, வெளுத்த வேட்டியோடு. ஊரில் கேலி பண்ணுவார்கள், "சாமியப்பன் நெதமும் மாப்பளை கணக்காக் குளிச்சுட்டுப் போறானப்பா" என்று. "ஊட்டுல மகாலட்சுமி இருக்கறாளப்பா, என்ன பண்றது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவள் திண்ணென்று இருந்துவிட்டாள். போதும், விடுங்க, அப்படியே வாங்க என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பத்து வருசத்தில் சொல்லியிருக்கலாம், கோமதி கல்யாணத்தில் சொல்லியிருக்கலாம், பேரன் பிறந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சரசு போனது சரியென்று ஆகிவிடும் போல இருந்தது. அப்புறம் சொல்ல மறந்துபோயிற்று. மறந்துபோயிற்றா. நாற்பத்திநாலு வருசம். அவள் பார்த்தது குளித்த மனுசனை. குளிக்காத மனுசனை இந்தக் காளைதான் அறியும்.

காளை மூச்சை ஊதிற்று. வாளியைக் கீழே வைத்தாள். வேறு என்ன இருக்கிறது அவருடையது, சோப்புப் படாதது? வீட்டுக்குள் ஒன்றுமில்லை, வீட்டுக்குள் இருக்கிற அவர் பண்டம் எல்லாம் வெளுத்தது. கட்டுத்தரை ஓரத்தில் ஓலை வேய்ந்த சின்னச் சாளை இருக்கிறது, மாட்டு வேலைக்கான துணி மாற்றுவதற்கு அவரே கட்டிக்கொண்டது. அந்தத் துணிகளை அவரேதான் துவைத்துக்கொள்வார். இத்தனை வருசத்தில் அவள் அதற்குள் போனதில்லை, போக வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்து நுழைந்தாள். இருட்டுப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆணியில் அரைக்கைச் சட்டை ஒன்று தொங்கியது, முதுகில் வேர்வை உப்புப் பூத்து வட்டம் வட்டமாக, துணி விறைத்துப்போய். கீழே பலகைமேல் வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாமல். அதன்மேல் சோப்புக்கட்டி, காய்ந்து வெடித்திருந்தது. விழுந்த அன்றைக்குக் குளித்துவிட்டு மாற்றுவதற்கு எடுத்து வைத்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றாள். மணி ரெண்டு இருக்குமா. ஆணியிலிருந்து சட்டையை எடுத்துச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டாள். போடுகிறபோது மூச்சை அடக்கிக்கொண்டாள், பதினெட்டு வயதில் அடக்கிய மாதிரியே. எத்தனை நேரம் அடக்க முடியும். விட்டு இழுத்தாள். சாணம், புகையிலை, புல்லின் காய்ந்த வாசம், அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று, பேர் இல்லாதது, ஒரு மனுசனுடையது. யாரிது, என்று நினைத்தாள். யாரிவர்.

வெளியே வந்து வாளியை மறுபடி தூக்கினாள். பத்தடி, எட்டடி, அஞ்சடி. கொம்பு நுனி தணிந்தது. இந்த முழங்கையில் எரிச்சல் இன்னும் இருக்கிறது. வயிற்றில் வாங்கினால் ஒரே குத்துத்தான், கோமதி ஓடி வருவாள், அவர் கட்டிலில் கிடந்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். நின்றுவிடு என்று கால் சொல்கிறது, சட்டை போகிறது. காளை ஒரு தடவை மூச்சை இழுத்தது. இன்னொரு தடவை இழுத்தது. கழுத்து தளர்ந்தது. சொரசொரவென்ற நாக்கு வந்து சட்டைக் கையை நக்கிற்று, உப்பிருந்த இடமெல்லாம் நக்கிற்று. அவள் கையைத் தூக்கித் திமில்மேல் வைத்தாள். சூடாக இருந்தது, தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கிற்று. வாளிக்குள் மூஞ்சியை விட்டு அது இழுத்த இழுப்பில் தண்ணி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. குடிக்கிறது. அவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை, அவர்தான் நிற்கிறார், அவர் பக்கத்தில் நின்றுதான் அது குடிக்கிறது. கோமதியை விட்டுத் தனபாலுக்குச் சொல்லிவிடலாம், வண்டி வேண்டாம் என்று. காப்பாற்றிவிட்டாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். உடனே போய் அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது, இந்தச் சட்டையோடே போய்ச் சொல்லவேண்டும். கல்தொட்டியைக் கடக்கிறபோது கால் தானாகத் தயங்கிற்று. தொட்டியில் பதினோரு நாள் தண்ணி, பாசி பிடித்திருந்தது. வேண்டாம். கழற்ற மாட்டாள். நாற்பத்திநாலு வருசமாய் வெளியே நிறுத்தி வைத்ததை இன்றைக்குத் தானே உள்ளே கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். வாயால் சொல்ல வராததற்கு இது போதும். அவருக்குப் புரியும்.

"என்னம்மா இது கோலம்?" என்றாள் கோமதி, எழுந்து வழிவிட்டாள். "அண்ணனுக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம்னு சொல்லு. குடிச்சுருச்சு" என்று சொல்லிக்கொண்டே வேலாத்தாள் கட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள், அவர்மேல் படுகிற மாதிரி ஒட்டி உட்கார்ந்தாள். "முழு வாளியுங் குடிச்சுட்டானுங்க." அவர் மூக்கு விடைத்தது. ஒரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார், காளை இழுத்த மாதிரியே. பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளியும் என்று பார்த்தாள். அந்த ஒற்றைக் கண் அகலமாக விரிந்து பயந்துபோயிற்று. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார், உடம்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. இடது கை எழுந்தது, தன் மார்பில் கிடந்த சட்டையைக் கிள்ளி இழுத்தது, புறவாசலைக் காட்டிற்று. மறுபடி கிள்ளிற்று, மறுபடி காட்டிற்று. தொண்டையில் ஏதோ சத்தம். "குடிச்சுட்டானுங்க, நெசமாலுமே குடிச்சுட்டான்" என்றாள். கை கேட்கவில்லை. அவள் குனிந்தாள். அவர் தலையணைமேல் தன் தலையை வைத்து, அவர் கண் இருக்கிற மட்டத்திலிருந்து, அந்த விரல் போகிற வழியே பார்த்தாள். காளை தெரியவில்லை. கட்டுத்தரை தெரியவில்லை, சுவர் மறைத்துக்கொண்டது. கதவு வழியாகத் தெரிந்தது கல்தொட்டி ஒன்றுதான்.

விழுந்தவரைச் சாணியும் மண்ணுமாக அப்படியே அள்ளிக் காரில் போட்டார்கள். இப்போதைக்குத் தண்ணி ஊற்ற வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே கொண்டுவந்து உள்கட்டில் கிடத்தினார்கள். அஞ்சு நாள். அஞ்சு நாளாய் அவர் காளையைக் கேட்கவில்லை. குளிக்காமல் உள்ளே வந்துவிட்டேன், வேணுமென்று வரவில்லை, என்னைக் கொண்டுபோய் விடு, குளித்துவிட்டு வருகிறேன் என்கிறார். யாரும் கிட்ட வந்தால் முகத்தைத் திருப்புகிறாரே, அது கோபமில்லை. இப்போது வீடு முழுக்க அடிக்கிற இந்த வாடை தன்மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். "அது எம்மேல இருந்து வருதுங்க" என்றாள் வேலாத்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உங்க சட்டைங்க. நாந்தாம் போட்டுட்டு வந்தேன். குளிக்க வேண்டாமுங்க. இனி வேண்டவே வேண்டாம். அப்பிடியே இருங்க." சட்டைக் கையை அவர் முகத்தோடு வைத்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒருதரம் சொன்னதை நாற்பத்திநாலு வருசம் கேட்ட மனுசன், இப்போது சொல்கிறதைக் கேட்கும் நிலையில் இல்லை. அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கி அவர் மார்மேல் வைத்தாள், வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டதும் அது மறுபடி எழுந்தது.